வாசலில் நின்ற அக்காவுக்கு

நேற்று இரவு ஆறு மணி நேரம், நடுவில் எழுந்திருக்காமல் தூங்கினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

நடந்தது எதையும் இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. முன்னாள் படைவீரனான நான் போர் வேண்டாம் என்று பேசிய அந்தப் பேச்சு, அதிலிருந்து வெட்டி எடுத்துப் பரப்பிய 40 விநாடி, அதற்குப் பிறகு துரோகி, கோழை என்ற ஏச்சோடு வந்த 23 நாட்கள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அந்த நாட்களை என்னோடு சேர்ந்தே கடந்தீர்கள். இப்போது அது முடிந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தள்ளிப்போட்டால் கூச்சம் வந்துவிடும், அப்புறம் எழுதவே மாட்டேன்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. நடு இரவில் கூப்பிட்டாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துப் பேசிய முன்னாள் படைவீரர் தோழர்களுக்கு. பணம் பற்றிப் பேச்செடுக்கவே விடாத வழக்கறிஞருக்கு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய் அழைத்து வந்த பக்கத்து வீட்டாருக்கு. என் கருத்து தவறு என்று இன்றும் சொல்கிற, ஆனாலும் "அவன் துரோகி இல்லை, அவனோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் நாங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பதினான்கு பேருக்கு. என் மனைவிக்குத் தூக்கம் வரட்டும் என்று எங்கள் வீட்டு முன்னறையில் மாறி மாறிப் படுத்துக்கொண்ட அவள் தங்கைக்கும் தங்கை கணவருக்கும். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மடல் கடன்பட்டிருக்கிறேன். எழுதுவேன்.

ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அது பத்தாம் நாள். அமைதிக் குழுவின் மாதக் கூட்டத்துக்கு நண்பர்கள் என்னை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார்கள். பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலி. உட்கார்ந்தேன். ஒருவர் பேச ஆரம்பித்தார். அவர் என்ன பேசினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. பின்னால் கதவு திறக்கும். என் தோள் இறுகும். திரும்பிப் பார்ப்பேன். யாரோ தாமதமாக வந்திருப்பார். முன்னால் திரும்புவேன், மறுபடி கதவு. உள்ளங்கை வேர்த்து ஈரமாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று காலைத் தரையில் ஊன்றிவிட்டேன். அன்றைக்கு எழுந்து போயிருந்தால் அந்த அறைக்குத் திரும்பி வந்திருக்க மாட்டேன். வேறு எந்த அறைக்கும் போயிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அப்போதுதான் அக்கா வந்தார். அவர் நின்றிருந்தது எனக்குப் பின்பக்கம். நேராக வந்திருந்தால் நாலு எட்டு. அவரோ வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, நான் பார்க்கும்படி எதிர்ப்பக்கமாக, மெதுவாக நடந்து வந்தார். பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது எனக்கு உறைத்ததே வீட்டுக்குப் போன பிறகுதான். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தம்பி, அந்த மூலையில காத்து நல்லா வருது, அங்க உட்காருங்களேன்" என்றார்.

மூலையில் ஒரு நாற்காலி தயாராக இருந்தது. பின்னால் சுவர், இடப்பக்கம் சுவர், நேர் எதிரே வாசல். போய் உட்கார்ந்தேன். சுவர் முதுகில் பட்டதும் மூச்சு சீராக வந்தது.

அதோடு அவர் போயிருந்தாலே வாழ்நாளெல்லாம் நன்றியோடு இருந்திருப்பேன். அவர் போகவில்லை. வாசலருகே போய் நின்றுகொண்டார். கதவு திறக்கும்போதெல்லாம் வருகிறவரை ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். நம்ம ஆள்தான், ஒன்றுமில்லை என்பதுபோல. ஐந்தாறு தலையசைப்புக்குப் பிறகு நான் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் போனதும் அவரையும் விட்டுவிட்டுப் பேசுகிறவரைப் பார்த்தேன். பத்து நாளில் முதல்முறையாக ஒரு மனிதர் பேசுவது எனக்கு வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். 31 வருஷம், எங்க போனாலும் வாசலைப் பார்த்துதான் உட்காருவார். நான் அவருக்கு எதிர்ல, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்காருவேன்" என்றார். அவர் தவறி நான்கு வருடம் ஆகிறதாம். அவ்வளவுதான் சொன்னார். நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார்.

படையில் எத்தனையோ இரவு காவல் நின்றிருக்கிறேன். உள்ளே படுத்திருக்கிறவன் கண்ணை மூடுவது வெளியே ஒருவன் விழித்திருக்கிறான் என்கிற தைரியத்தில்தான். நான் படையை விட்டு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இந்தப் பதினொரு வருடமும் என் காவலை நானேதான் பார்த்துக்கொண்டேன். இன்னொருவரிடம் கேட்கலாம் என்றுகூடத் தோன்றியதில்லை. அக்காவிடமும் நான் கேட்கவில்லை. அவராக வந்து நின்றார்.

வட்டமாக நாற்காலி போடுவதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு, இதை இந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். வியட்நாம் போருக்குப் போய் வந்து அந்தப் போரையே எதிர்த்த வீரர்கள் 1967-இல் நியூயார்க்கில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1970-இன் கடைசியில் அவர்கள் இப்படித்தான் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். மனநல மருத்துவர்கள் சிலரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவதற்காக அல்ல. அதே வட்டத்தில் சமமாக உட்காருவதற்காக. தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் துள்ளி விழுவது, பார்த்ததும் செய்ததும் திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, இவற்றுக்கெல்லாம் அன்றைய மருத்துவக் கையேட்டில் சரியான இடம் இல்லை. அந்த வட்டங்களில் பேசப்பட்டதும், அங்கே இருந்த மருத்துவர்கள் விடாமல் வாதாடியதும் சேர்ந்துதான், 1980-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் அந்தப் பாதிப்புக்குப் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் கோளாறு' (PTSD) என்று ஒரு பெயரும் பக்கமும் கிடைக்கப் பெரிய காரணம். இன்று என் மருத்துவர் என் தாளில் எழுதுகிற அந்த நீளமான பெயர், போர் வேண்டாம் என்று சொன்ன வீரர்கள் உட்கார்ந்து பேசியதால் வந்தது. அவர்களைப் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஏசியவர்களுடைய பிள்ளைகளுக்கும் அது இன்று மருந்து வாங்கித் தருகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது அன்று கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி. அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும், படையிலிருந்து அமைதிப் பக்கம் வந்த ஒருவரைப் பற்றி எனக்கு எழுதி அனுப்பினார். பாப்பா, உனக்கும் தனியாக நன்றி. அந்த நேரத்தில் எனக்கு அறிவுரை வேண்டியிருக்கவில்லை, எனக்கு முன்னால் யார் யார் நடந்தார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது.

அட்மிரல் ராம்தாஸ் பற்றி அவர் எழுதி அனுப்பிய இரவு நான் அழுதுவிட்டேன். 1971 போரில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலின் தலைவராக இருந்து வீர் சக்ரா வாங்கியவர். 1990 முதல் 1993 வரை இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி. ஓய்வு பெற்ற பிறகு இந்திய, பாகிஸ்தான் மக்களை ஒன்றாக உட்கார வைக்கும் மன்றத்தில் உழைத்தார், அணு ஆயுதம் வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசினார். 2004-இல் மகசேசே விருது அவருக்கும் பாகிஸ்தான் பத்திரிகையாளர் ஐ. ஏ. ரகுமானுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஒருவர் எந்த நாட்டை எதிர்த்துக் கப்பல் ஓட்டினாரோ அந்த நாட்டுக்காரரோடு ஒரே விருதைப் பகிர்ந்துகொண்டார். 2024 மார்ச்சில் காலமானார். கடற்படைக்கே தலைவராக இருந்தவர் எடுத்த முடிவு அது என்று படித்தபோது, 23 நாளாக என் காதில் ஓடிக்கொண்டிருந்த 'கோழை' என்ற சொல்லின் சத்தம் குறைந்தது.

அப்புறம் பாபி முல்லர். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அதிகாரி. 1969-இல் வியட்நாமில் குண்டு தண்டுவடத்தைத் துளைத்ததிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்பவர். அவர் ஏற்படுத்திய முன்னாள் வீரர் அமைப்பு, கம்போடியாவில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் வேலையில் இறங்கியது. கால் செய்து மாளவில்லை, வெடியையே நிறுத்தியாக வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள். 1992-இல் கண்ணிவெடித் தடை இயக்கத்தைத் தொடங்கிய ஆறு அமைப்புகளில் அதுவும் ஒன்று. ஐந்தே ஆண்டில், 1997 டிசம்பரில், 122 நாடுகள் ஒட்டாவாவில் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசும் அந்த இயக்கத்துக்குக் கிடைத்தது. கண்ணிவெடி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

எல்லோர் வழியிலும் என்னால் நடக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1971 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான வியட்நாம் வீரர்கள் வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் முன் தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். அதைப் படித்த இரவு என் பதக்கப் பெட்டியை எடுத்துத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எறிந்தவர்களை மதிக்கிறேன். நான் எறிய மாட்டேன். இவற்றை வாங்கியவன்தான் இதைப் பேசுகிறான் என்று தெரிய வேண்டும், மாட்டிக்கொண்டே பேசப் போகிறேன். பிரையன் வில்சன் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி 1987 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஆயுத ரயிலை மறித்துத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார். ரயில் நிற்கவில்லை, இரண்டு கால்களும் போயின. அந்தத் துணிவு எனக்கு இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது.

ஆனால் 2006-இல் வெளியுலகுக்குத் தெரியவந்த இஸ்ரேலிய, பாலஸ்தீன முன்னாள் போராளிகளின் அமைதி அமைப்பைப் பற்றிப் படித்தபோது, இது என்னால் முடியும் என்று தோன்றியது. ஒருவரையொருவர் எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்கள் அவர்கள். முதலில் ரகசியமாகச் சந்தித்தார்கள். போகும்போது இரண்டு பக்கத்துக்கும் பயம் இருந்தது என்று அவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்த அறையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேருக்கும் சுவரோர நாற்காலி வேண்டியிருந்திருக்கும். எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? வாசலுக்கு முதுகைக் காட்டி, எதிரியாக இருந்தவனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த முதல் ஆள் யார்?

குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொல்லிப் போன வருடமே கேட்டீர்கள். மேடையில் பேசத் தெரியாது என்று மறுத்துவிட்டேன். பேசப் போய் என்ன ஆனது என்றும் பார்த்துவிட்டோம். இப்போது ஏற்றுக்கொள்கிறேன். பேச்சு இனிமேலும் எனக்குச் சரியாக வராமல் போகலாம். ஆனால் புதிதாக வருகிற ஒரு படைவீரன் அறைக்குள் நுழைந்ததும் முதலில் எதைத் தேடுவான் என்று எனக்குத் தெரியும். அதை அவன் கேட்பதற்கு முன்னால் செய்துவைக்க முடியும்.

கடைசியாக, அக்கா, உங்களிடம் ஒரு விஷயம். என்னை மிகக் கடுமையாகத் திட்டி எழுதியவர்களில் ஒருவர், போன வாரம் மறுபடி எழுதினார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. "நானும் தூங்குவதில்லை" என்று ஒரே வரி. அவரும் சேவையில் இருந்தவர். மூன்று நாள் பேசினோம், பெரும்பாலும் தூக்கத்தைப் பற்றித்தான். அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாக்குவாதம் செய்யத்தான் வருகிறேன் என்கிறார். செய்யட்டும்.

மூலை நாற்காலி அவருக்கு. வாசலில் நான் நின்றுகொள்கிறேன். படையில் நாங்கள் ஓர் ஆளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே காவலில் நிறுத்த மாட்டோம். நீங்கள் அன்றைக்கு இரண்டேமுக்கால் மணி நேரம் நின்றீர்கள், அதற்கு முன்னால் 31 வருடம். நீங்கள் உட்காருங்கள் அக்கா.