முதலில் புள்ளியும் கோடும்

அன்புள்ள மகள் பூங்கொடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். எழுதி அனுப்பினால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

தம்பி பிரபு சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பேனா மாதிரி பிடித்துக் காற்றால் பெயின்டைத் தெளித்து வரைகிற ஏர்பிரஷ் கற்றுக்கொள்ள ஆன்லைன் வகுப்பில் சேரப்போகிறாயாம். ஆறு வாரத்துக்கு 24,000 ரூபாயாம். அதில் பாதியை அவனிடம் கைமாற்றாகக் கேட்டிருக்கிறாய். அவனுக்குக் காலேஜ் பீஸ் கட்டியவள் நீ, கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பெயின்ட் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்துக்குப் பணம் கட்டும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அம்மிணி. நாமக்கல் பட்டறையிலிருந்து காஷ்மீர் வரைக்கும் போன லாரிகளில் என் மயிலும் புலியும் போயிருக்கின்றன. ரேடியம் ஸ்டிக்கர் வந்து வேலை குறைந்ததே தவிர, கை மறந்துவிடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். உடனே எடுத்துவிட்டாய். முன்பெல்லாம் அந்த நேரத்தில் மீட்டிங் என்பாய், சாயங்காலம்தான் கூப்பிடுவாய். சரி, அதை விடு. வீடியோ விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி சொன்ன நாளிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனை வைத்துக்கொண்டு இதையேதான் பார்க்கிறேன். அம்மா திட்டுகிறாள். யூடியூபில் எவ்வளவு கிடக்கிறது! இவாட்டா என்ற ஜப்பான் கம்பெனி ஏர்பிரஷ் செய்கிறது, கிரியேடெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி அதற்கான பெயின்ட் செய்கிறது. இரண்டுமே தங்கள் சரக்கு விற்கவேண்டும் என்பதற்காக ஆரம்பப் பாடங்களை இலவசமாகப் போட்டு வைத்திருக்கின்றன. கருவியைப் பிரித்து மாட்டுவது, கழுவுவது, பெயின்டை எவ்வளவு இளக்குவது என்று எல்லாம் இருக்கிறது. உன் வகுப்பின் பாடத்திட்டத்தைத் தம்பி எனக்கு அனுப்பினான். முதல் மூன்று வாரத்தில் அவர்கள் சொல்லித்தரப்போவது இதைத்தான். இதற்கா 12,000 ரூபாய்?

எல்லா வீடியோவும் உருப்படி என்று சொல்லமாட்டேன். பாட்டைப் போட்டு வேகமாக ஓட்டி, கடைசியில் பளபளவென்று ஒரு புலியைக் காட்டுவது வேடிக்கை பார்க்கத்தான் ஆகும். நல்ல வீடியோவில் முகத்தைவிட விரல்தான் அதிகம் தெரியும். காற்றின் அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ, பெயின்டில் அதை இளக்குகிற ரெட்யூசர் எத்தனை பங்கு, பெயின்ட் வெளியே வரும் நாசில் துளை 0.3 மில்லிமீட்டரா 0.5-ஆ என்று வாய்விட்டுச் சொல்வார்கள். தப்பாகிப் பெயின்ட் வழிந்ததையும் வெட்டாமல் காட்டுவார்கள். அப்படிப்பட்டவரின் வீடியோவைப் பிடித்துக்கொள். பாஷை பெரிய தடை இல்லை. தமிழில் குறைச்சல்தான், ஆனால் ஜெர்மன்காரர் பேசினாலும் கை பேசுவது புரிகிறது. ஓடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பார். எனக்கு அப்படித்தான் ஒரு விஷயம் பிடிபட்டது.

அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ரே கன்னில் விசையை இழுத்தால் வேலை நடந்துவிடும். இந்த டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். அனுபவசாலிகள் கோடு முடிந்ததும் விரலை எடுப்பதே இல்லை. விசையை முன்னால் தள்ளிப் பெயின்டை நிறுத்துகிறார்கள், காற்று மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. காற்று முதலில் வரவேண்டும், கடைசியில் போகவேண்டும். விரலைச் சட்டென்று விட்டால் நாசில் முனையில் ஒரு சொட்டு தங்கிவிடுகிறது. அடுத்த கோடு போடும்போது அது துப்பிவிடும். அந்தத் துப்பல் விழுந்தால் ஒரு நாள் வேலை போச்சு. இதை வாயால் நூறு பேர் சொல்லலாம், உன் ஆள்காட்டி விரல் பழகினால்தான் உண்டு.

அதனால் முதல் மாதம் படம் எதுவும் வேண்டாம். புள்ளி வை, கோடு போடு. அப்புறம், தடிமனாக ஆரம்பித்து மெலிசாக முடிகிற கோடு. அதை டாகர் ஸ்ட்ரோக் என்கிறார்கள். பரப்புக்குப் பக்கத்தில் வரவர மெலிசாகும், தள்ளிப் போனால் பரவும். கையும் விரலும் ஒன்றாக நகரவேண்டும். பயிற்சிக்கு விலை உயர்ந்த பெயின்டை வீணாக்காதே. தண்ணீரில் கலக்கிய புட் கலர் போதும், இல்லாவிட்டால் பேனா மை. பழைய நியூஸ்பேப்பரிலும் காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் அடி. ஸ்டென்சிலுக்குக் கடைக்குப் போகாதே. நம் வீட்டுப் பழைய எக்ஸ்-ரே பிலிம்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். பட்டறையில் நாங்கள் அதைத்தான் வெட்டுவோம். மடங்காது, பெயின்டைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

விரல் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்த பிறகு, உனக்கு எது வரவில்லையோ அதற்கு மட்டும் காசு கொடுத்து வீடியோ வாங்கு. தீ வரையவேண்டுமா, குரோம் மாதிரி எழுத்து வேண்டுமா, மனித முகமா, அந்த ஒன்றுக்கு மட்டும். யூடெமி மாதிரி ஆன்லைனில் வகுப்பு விற்கிற இடங்களில் அடிக்கடி தள்ளுபடி போடுகிறார்கள், ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே வகுப்புகள் கிடைக்கின்றன. அவசரப்பட்டு முழு விலை கொடுத்துவிடாதே, பத்து நாள் பொறு. வாங்கும் முன்னால் இலவசமாகக் காட்டும் துண்டைப் பார், நான் சொன்ன மாதிரி விரல் தெரிகிறதா என்று பார். டெலிகிராமில் திருட்டு வீடியோ ஓசியில் கிடைக்கும் என்று பிரபு சொன்னான். அது வேண்டாம். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவர்களை நம் வீடு எவ்வளவு பார்த்திருக்கிறது! நாம் அதைச் செய்யக்கூடாது.

கருவிக்கும் கடன் வாங்காதே. 0.3 நாசில் போட்ட சீனா ஏர்பிரஷ் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வருகிறது, கற்றுக்கொள்ள அது தாராளம். 0.2 மெலிசான கோடு போடும் என்று ஆசை காட்டுவார்கள். ஆரம்பத்தில் அடைத்து அடைத்து உன் பொறுமையைச் சோதிக்கும். நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனை வளைந்தால் பெயின்ட் ஒரு பக்கமாகப் போகும். கப்பில் குமிழி வந்தால் நாசில் சரியாக முடுக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் தின்னரில் ஊறப்போடாதே.

கம்ப்ரஸரை நான் அனுப்புகிறேன். பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்து, சின்ன டேங்க், பிரஷர் கேஜ், தண்ணீர் பிடிக்கும் பில்டர் எல்லாம் மாட்டி பட்டறை மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். பிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் வரும், பெங்களூரில் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். 20 பிஎஸ்ஐயில் வைத்துப் பழகு.

இப்போது முக்கியமான விஷயம். மாஸ்க். தண்ணீர் பெயின்ட்தானே என்று சும்மா இருக்காதே, அதன் தூசும் நெஞ்சுக்குள் போகும். ஜன்னலைத் திற, விசிறியை வெளியே பார்த்து வை, மாஸ்க் போடு. தின்னர் கலந்த பெயின்ட் என்றால் துணி மாஸ்க் பிரயோஜனமே இல்லை, இரண்டு பக்கமும் கரி டப்பா வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். பளபளப்புக்காகக் கடைசியில் மேலே அடிக்கிற டூ-கே கிளியர் கோட்டை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் அடிக்காதே. அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்துமா வந்துவிட்டால், அப்புறம் வாசம் பட்டாலே மூச்சு முட்டும். கிளியர் அடிக்கவேண்டிய வேலையைக் கார் பெயின்ட் கடையில் கொடுத்து அடித்து வாங்கு, அவர்களிடம் பெயின்ட் அடிக்கவென்றே தனி அறை, பூத், இருக்கும். செல்லமுத்து அண்ணன் கடைசி இரண்டு வருஷம் எப்படி இருந்தார் என்று நீயே பார்த்தாய். நான் இருமினால் அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். மாஸ்க் போடு அம்மிணி.

ஹெல்மெட்டில் வரையப்போவதாகத் தம்பி சொன்னான். நல்ல யோசனை, பசங்கள் ஆசைப்பட்டுச் செய்துகொள்வார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். பாலிகார்பனேட் ஓட்டில் தின்னர் பட்டால் வெளியே தெரியாமல் உள்ளே வெடிப்பு விடும், விழுந்தால் தலையைக் காக்காது. நல்ல ஹெல்மெட் செய்கிறவர்களே பெயின்ட் அடிக்காதே என்று எச்சரிக்கிறார்கள். முதலில் பைக் டேங்க்கில் செய்து பார். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது உனக்கே தெரியும். ஏழாம் வகுப்பு லீவில் என்னோடு பட்டறைக்கு வந்து கதவு முழுக்கத் தேய்த்தாயே. ஓனர் உன் கையில் இருபது ரூபாய் கொடுத்து, "உன் பொண்ணு கை உன் கையைவிட நிதானம்" என்றார். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. படிப்பு கெடும் என்று அடுத்த லீவுக்குக் கூட்டிப்போகவில்லை. அந்தக் கைதான் திரும்பி வருகிறது என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, சந்தோஷத்தில்தான்.

ஒரு வீடியோவில் பார்த்தேன். 1876-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி என்ற ஒருவர் போட்டோவுக்குக் கலர் கொடுக்கிற வேலைக்காக இப்படி ஒரு தெளிப்பானுக்குக் காப்புரிமை வாங்கினாராம். பின்னாளில் அவரும் கூடப்பிறந்தவரும் சேர்ந்து நீராவிக் கார் செய்து பேர் வாங்கினார்கள். மனிதர்கள் தொழில் மாறுகிறார்கள், பாதியில் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறார்கள். யாரும் அவர்களைக் குறைவாக நினைப்பதில்லை. நானும் நினைக்கமாட்டேன், அம்மாவும் நினைக்கமாட்டாள்.

பால் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் கட்டியாகிவிட்டது. இரண்டு ஸ்கூல் வேன் வேலை வந்திருக்கிறது, மஞ்சள் அடித்து எழுத்து எழுதவேண்டும், அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். அதனால் இந்த மாதம் ஐந்தாம் தேதி நீ பணம் அனுப்பவேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம், ஜன்னல் இரண்டு பக்கமும் காற்று வரும். சும்மாதான் சொல்கிறேன்.

கம்ப்ரஸர் அடுத்த வாரம் பார்சல் சர்வீஸில் வரும், பழைய அட்ரஸுக்குத்தான் போடுகிறேன். வீடு மாறியிருந்தால் பிரபுவிடம் சொல், என்னிடம் சொன்னாலும் சரி. எக்ஸ்-ரே பிலிமும் ஒரு ரெஸ்பிரேட்டரும் அதே பெட்டியில் இருக்கும். கம்ப்ரஸரை நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும், படுக்கவைத்தால் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும். வந்ததும் உடனே ஓட்டாதே, ஒரு ராத்திரி அப்படியே நிற்கட்டும். ஓட்டும் முன்னால் எனக்கு வீடியோ கால் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அப்பா