குத்தகைக்கு விடுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம், நலமறிய ஆவல். நிலம் முழுவதையும் குத்தகைக்கு விட்டுவிட்டு நானும் அம்மாவும் ஓய்வெடுக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். எங்கள் உடல்நிலையை எண்ணியே அப்படிச் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டா யார் பெயரில் இருந்தாலும், பயிர் செய்பவருக்குத்தான் உழவர் சந்தையில் இடம் உண்டு. நிலத்தைக் கைமாற்றிய அன்றே அங்கு விற்கும் உரிமையும் நம்மைவிட்டுப் போய்விடும். அந்த உரிமை நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நீ தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யலாம்.

உன் தாத்தா காலத்தில் நம் காய்கள் மதுரையில் ஒரு மண்டிக்குப் போயின. விதைக்கும் உரத்துக்கும் அந்த மண்டியிலேயே முன்பணம் வாங்கியிருந்ததால், காயை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. ஏலம் முடிந்ததும் ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். அதில் கமிஷன், இறக்குகூலி, கழிவு என்று ஒவ்வொன்றாகக் கழித்தபின் அடியில் எஞ்சும் தொகைதான் நம்முடையது. நன்றாக விளைந்த ஆண்டில் விலை விழும். விலை ஏறிய ஆண்டில் நம்மிடம் காய் இருக்காது. பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று தக்காளியைச் செடியிலேயே விட்ட நாள்களும் உண்டு. தன் காய்க்கு என்ன விலை என்று தாத்தாவை ஒருவரும் கேட்டதில்லை. இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று, கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, தமிழகத்தின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987இலேயே ‘அப்னி மண்டி’ என்ற பெயரிலும், ஆந்திரத்தில் அதே 1999இன் தொடக்கத்தில் ‘ரைத்து பஜார்’ என்ற பெயரிலும் இத்தகைய சந்தைகள் வந்திருந்தன. கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று பெற்று, வேளாண் அலுவலர் வயலை வந்து பார்த்துச் சென்றபின், புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை நமக்கும் கிடைத்தது. இடத்துக்கு வாடகை இல்லை. தராசும் அங்கேயே தந்தார்கள். மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி அன்றாடம் காலையில் விலையை முடிவு செய்து பலகையில் எழுதினார்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒரே பலகையைப் பார்த்துப் பேசியது எங்களுக்குப் புதிய அனுபவம்.

சந்தையை உண்மையில் நடத்தியவர் உன் அம்மாதான். முந்தின நாள் மாலை பறித்த கத்தரியில் சொத்தையைக் கழித்து, முற்றியதைத் தனியே ஒதுக்கி, கீரையை ஈரச்சாக்கில் சுற்றி, விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூடைகளோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் அவர் ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. பிஞ்சு என்று தெரிந்தால்தான் நாளையும் வருவார்கள் என்பார். எந்தக் காய் எந்த வாரம் விற்கும் என்பதை அங்கு நின்று அறிந்துகொண்டு, வயலில் என்ன ஊன்ற வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கத் தொடங்கினார். மண்டிச் சீட்டை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத அவர் கைக்குப் பணம் நேராக வந்தது. உன் கல்லூரிக் கட்டணம் அந்தச் சுருக்குப் பையிலிருந்து சென்றதுதான்.

2001இல் ஆட்சி மாறியபின் பல ஊர்களில் இச்சந்தைகள் கவனிப்பாரற்றுப் போய், 2006க்குப் பிறகே மீண்டும் தலையெடுத்தன. அந்த இடைக்காலத்திலும் நாங்கள் அண்ணா நகரை விடவில்லை.

ஆகவே என் எண்ணத்தைச் சொல்கிறேன். மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவோம். அங்கு பாடுபட இனி எனக்கு வலுவில்லை. கிணற்றடியில் உள்ள அரை ஏக்கரை மட்டும் காய்கறிக்கென்று வைத்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் சந்தைக்குப் போகிறோம். கூடை தூக்கித் தர உன் சித்தப்பா மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கும் இதுவே விருப்பம். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க வேண்டியிருப்பதால், அதற்குள் உன் கருத்தை எழுது.

அன்புடன்,
அப்பா