அண்ணாவுக்கு, கிளாருஸிலிருந்து

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை, இந்தச் சுவிஸ் மாநிலத்துச் சனம் திடலில் கூடி வாக்களிக்கும் சபையில், நானும் கை தூக்கிவிட்டேன். மே மாத முதல் ஞாயிறு, அதே திடல். யாரும் எண்ணுவதில்லை, மேடையில் நிற்பவர் உயர்ந்த அட்டைகளைக் கண்ணால் அளந்தே முடிவு சொல்லிவிடுகிறார். 2006இல் நாங்கள் வெளியே நின்று பார்த்தோமே. 25 ஊராட்சிகளைப் பத்தாக்கலாம் என்று அரசாங்கம் கேட்க, மூன்றே போதும் என்று சனம் கை தூக்கியது. "இவங்களுக்கு விசர்" என்றீர்கள். அந்த விசரர்களில் நானும் ஒருவன் இப்போது.

குடியுரிமை நேர்காணலில் தீயைப் பற்றிக் கேட்டார்கள். 1861 மே 10 இரவு, ஃப்யோன் காற்று, ஏறக்குறைய 600 கட்டடங்கள், வீடிழந்தவர்கள் 2,000 பேருக்கு மேல், பிறகுதான் கிளாருஸ் இப்படிக் கோடு கிழித்த மாதிரித் தெருக்களோடு எழும்பியது என்று ஒப்புவித்தேன். தலையாட்டினார்கள். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

(வாசிக்கும் மற்றவர்களுக்கு: ஃப்யோன் என்பது மலையிலிருந்து இறங்கும் சூடான, காய்ந்த காற்று. தலைமயிர் உலர்த்தும் மெஷினுக்கும் இங்கே அதே பெயர்.)

அந்த இரவும் ஃப்யோன்தான். வேலை முடிந்து வருகிறோம். நீங்கள் சிகரெட் பற்றவைத்தீர்கள். மேல் ஜன்னலில் ஒரு கிழவர் கத்தினார். "என்னவாம்?" என்றீர்கள். நான் பதில் சொல்லாமல் உங்கள் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கி மிதித்தேன். பிறகு மேலே பார்த்து, டொய்ச் மொழியில், "இவருக்கு ஒன்றும் விளங்காது" என்றேன்.

அவ்வளவு டொய்ச் உங்களுக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவு அப்பாவின் தோளிலிருந்து அந்த வானத்தைப் பார்த்தவர் நீங்கள். நான் அப்போது பிறக்கவே இல்லை. "நெருப்பைப் பற்றி எனக்கோ?" என்று மட்டும் கேட்டீர்கள். மன்னியுங்கள். ஆனால் கிழவர் கத்தியதில் பிழையில்லை அண்ணா. அந்தக் காற்றில் ஒரு பொறி போதும், இந்த ஊர் அதை மறக்காது. எனக்கும் வேலைக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பயம்.

அதற்காக இத்தனை வருடமா? சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். ஒருதரம் வந்தீர்களா? காசு விஷயத்தை இங்கே எழுதவில்லை, அம்மா வாசிப்பா.

முதல் குளிர்காலத்தில் பச்சை நிற ஷாப்சீகர் சீஸை முகர்ந்துவிட்டு, "அம்மாவின்ர குசினி மணக்குது" என்று கண் கலங்கினீர்கள். அதில் போடும் செடி வெந்தயத்துக்குச் சொந்தமாம், பிறகுதான் படித்தேன். கடையில் அதைக் கடக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வாங்கியும் விடுகிறேன்.

இன்று ஒரு கட்டி தபாலில் போட்டிருக்கிறேன். சூரிச்சிலும் விற்கிறது என்று சொல்லவேண்டாம்.

தம்பி