எட்டாமவரின் ராஜினாமா: அக்காவுக்கு ஒரு கடிதம்

அக்கா,

சின்ன வயதில் நாம் நோட்டில் உருவாக்கி விளையாடிய நாட்டின் எட்டாவது அதிபர், நம் எட்டாமவர், நேற்று ராத்திரி ராஜினாமா எழுதிவிட்டார். ஒரே வரி. 1974 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் கொடுத்ததும் ஒரே வரிதான், அது வெளியுறவு அமைச்சர் பெயருக்குப் போனது என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். நம்முடையதை யார் பெயருக்கு எழுதுவது? பேரவைத் தலைவருக்கு என்கிறது நீ எழுதிய அரசியலமைப்பு. பேரவையே இல்லை. கலைத்தவன் நான். கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இன்றோடு 20 வருடம். நோட்டின் 143-ஆம் பக்கத்தின் தலையில் தேதி இருக்கிறது, என் கோணல் கையெழுத்தில். பெயர்கள் எதையும் இங்கே சொல்ல மாட்டேன். நாட்டின் பெயரையும்தான். இதை வேறு பலரும் படிப்பார்கள். அந்தப் பெயர்கள் நம் இரண்டு பேர் வாயைத் தாண்டி வெளியே போனதில்லை, அப்படியே இருக்கட்டும். எண்ணை வைத்தே சொல்கிறேன். உனக்குப் புரியும்.

கொஞ்ச நாளாக ஒரே ஒரு ராத்திரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆறாவது தேர்தல். ஒன்பது மாகாணத்தில் எட்டு முடிந்து நாலுக்கு நாலு. பகடை என் கையில், பேனா உன் கையில். கடைசி மாகாணத்தில் என் ஆளுக்கு நாலு விழுந்தது. அடுத்து உன் ஆளுக்கு உருட்டினேன். பகடை ஓடிப்போய் நோட்டின் ஓரத்தில் முட்டி நின்றது. மேலே ஐந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் பிரசாரம் எழுதியிருந்தேனே, மாகாணத்துக்கு ஒரு பேச்சு வீதம். நீ குனிந்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாய். "சாய்ஞ்சு நிக்குது, செல்லாது. மறுபடி உருட்டு" என்றாய்.

சாய்ந்த பகடை செல்லாது என்று அதுவரை நமக்கு விதியே கிடையாது. நீ சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பாய். நான் கவனிக்கவே இல்லை.

மறுபடி உருட்டினேன். இரண்டு.

உன் ஆள் தோற்றதை உன் கையாலேயே எழுதினாய். எழுதி முடித்து, அடுத்த பக்கத்தில் தோற்றவர் ஜெயித்தவருக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தியையும் எழுதினாய், முழுப் பக்கத்துக்கு. பிறகு, தேர்தலில் தோற்ற அமெரிக்க அதிபர் ஆடம்ஸ் கதை. 1801-இல் தன்னை ஜெயித்த ஜெபர்சனின் பதவியேற்பைப் பார்க்க நிற்காமல், விடியுமுன்பே தலைநகரை விட்டு வண்டியேறிப் போனவர். "கோபமா போனாரோ அழுதுக்கிட்டே போனாரோ, போனார்ல? அதான் வேணும்" என்றாய். உனக்குப் பதினாறு வயது. எனக்குப் பதிமூன்று. அந்த இரண்டு பக்கத்தையும் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் நீ மூன்று மாதம் வீட்டில் இல்லை. ஏன் என்பதை இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நமக்குத் தெரியும். போகிற அன்று காலையில் நோட்டை என் படுக்கைமேல் வைத்துவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்துக்கொள் என்றா, எழுது என்றா, தொடாதே என்றா? அந்த மூன்று மாதமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

முதல் மாதம் தொடவில்லை. இரண்டாவது மாதம் எட்டாமவரின் பதவிக்காலம் முடிய ஆறு வாரம் இருந்தது. உன் சட்டப்படி ஒருவருக்கு ஒரே தடவைதான். மறுபடி நிற்க முடியாது. அவர் என் ஆள், உனக்குத் தெரியும். நான் எழுதியதிலேயே நல்ல பேச்சுகள் அவருடையவைதான். தேர்தல் வைக்கவும் வழியில்லை. உருட்டுகிறவரும் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது 14-ஆவது விதி. நீ இல்லாமல் எப்படி வைப்பேன்? அந்தச் சாக்கில்தான் 31-ஆவது பிரிவைத் திறந்தேன். அவசரநிலை.

வெள்ளம் வந்த கதைக்காக நீயே சேர்த்த பிரிவு அது. அதிபர் அவசர ஆணை போடலாம், முப்பது நாளுக்குள் பேரவை ஒப்ப வேண்டும், ஒப்பாவிட்டால் ஆணை செத்துப்போகும். அதற்கு முந்தைய பிரிவில் இன்னொன்றும் இருந்தது. அதிபர் பேரவையைக் கலைக்கலாம், அறுபது நாளில் தேர்தல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஓட்டை தெரிந்தது. ஆணையைப் போட்டு மறுநாளே பேரவையைக் கலைத்துவிட்டால் ஒப்புவதற்கும் ஆளில்லை, மறுப்பதற்கும் ஆளில்லை. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. அந்த ராத்திரியே பதினோரு பக்கம் எழுதினேன்.

ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியில், வைமார் குடியரசில் நடந்ததும் இதுதான் என்று ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். 48-ஆவது பிரிவில் அதிபருக்கு அவசர ஆணை, அதை ரத்துசெய்யச் சொல்ல நாடாளுமன்றத்துக்கு உரிமை, 25-ஆவது பிரிவில் அந்த நாடாளுமன்றத்தையே கலைக்க அதிபருக்கு அதிகாரம். 1930 ஜூலையில் பட்ஜெட்டை ஆணையாகப் போட்டார்கள். நாடாளுமன்றம் ரத்துசெய்யச் சொல்லி வாக்களித்தது. அதிபர் ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். சில நாளில் ஆணை மறுபடி வந்தது. செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 107 இடம் பிடித்தார்கள். அதற்கு முன் அவர்களுக்கு இருந்தது 12. படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விளையாட்டுதானே என்று ஒருவர் சொல்லக்கூடும். நீ சொல்ல மாட்டாய்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஓட்டையை வைத்தது யார்? பேரவை கலைந்தால் அவசரநிலையை யார் பார்ப்பது என்று ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லையா? இந்தியாவில் மாநிலங்களவையைக் கலைக்கவே முடியாது. மக்களவை இல்லாத நேரத்தில் அவசரநிலை வந்தால் அதுதான் ஒப்புதல் தர வேண்டும். மக்களவை கலைந்தாலும் சபாநாயகர் உடனே போய்விடுவதில்லை, புது அவை கூடும்வரை இருப்பார், 94-ஆவது பிரிவு. இதெல்லாம் நம் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகத்திலேயே இருந்தது. நீ படித்த புத்தகம்.

எழுதிவிட்டேன், அழிக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்: இரண்டு அவை வேண்டும் என்று நீ சொன்னாய். ஒன்றே போதும் என்று அடம்பிடித்தது நான். இன்னும் ஐம்பது உறுப்பினருக்குப் பெயர் வைக்க எனக்குச் சோம்பல். நீ விட்டுக்கொடுத்தாய். மூன்றாமவர் பதவியேற்ற மாதத்திலேயே செத்தபோதும் விட்டுக்கொடுத்தது நீதான். 1841-இல் அமெரிக்க அதிபர் ஹாரிசன் இறந்து துணை அதிபர் டைலர் வந்த கதையை வைத்து இரண்டு நாள் சண்டை. துணை அதிபர் 'பொறுப்பு அதிபர்' என்றாய் நீ. முழு அதிபர்தான் என்றேன் நான். 'பொறுப்பு' என்று போட்டு வந்த கடிதங்களை டைலர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார் என்று எங்கோ படித்துவிட்டு வந்து நீயே என் பக்கம் சாய்ந்தாய். உனக்கு எதிரான ஆதாரத்தை நீயே தேடிக்கொண்டு வருவாய். அது எனக்கு எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு எரிச்சலாகவும் இருக்கும் தெரியுமா?

நீ திரும்பி வந்த அன்று சாயங்காலம் 143-லிருந்து 153 வரை படித்தாய். வாசலில் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டுவாய் என்றுகூட நினைத்தேன். நோட்டை மூடி, என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாய். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். கிழித்திருக்கலாம். ஒரு பேரவை உறுப்பினரைக் கிளப்பிவிட்டிருக்கலாம், ஒரு மாகாணமாவது ஆணையை ஏற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பேனா உன் கையில்தான் இருந்தது, அக்கா. நீ ஒரு வரி எழுதியிருந்தால் அவர் விழுந்திருப்பார். எதிர்ப்பே இல்லாமல் என்னை ஜெயிக்க விட்டுவிட்டுப் போய்விட்டாய். பதினான்கு வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இல்லை. அந்த மூன்று மாதம் முடிந்து வந்த உன்னிடம் எழுதவும் சண்டை போடவும் தெம்பு இருந்ததா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. உனக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் நோட்டோடு வாசலில் நின்றேன். அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருபது வருடமாக எட்டாமவர் பதவியில் இருக்கிறார். மேற்கொண்டு யாரும் எழுதாததால் அவருக்கு முடிவே வரவில்லை. அவரை என்ன செய்வது, அதிபர் பட்டியலிலிருந்து எடுப்பதா வைப்பதா என்று இந்த வருடம் முழுக்க யோசித்தேன். பிரான்ஸ் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறது. 1944 ஆகஸ்டில், குடியரசைப் பிரகடனம் செய்யுங்கள் என்று பாரிஸ் நகர மண்டபத்தில் கேட்டபோது, அது ஒருநாளும் இல்லாமல் போகவே இல்லையே என்று, ஜெர்மனியை எதிர்த்து நின்ற பிரெஞ்சுத் தலைவர் டி கால் மறுத்துவிட்டார். ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த, பெத்தான் தலைமையிலான விஷி ஆட்சியின் சட்டங்கள் செல்லாது என்று அந்த மாதமே ஆணை வந்திருந்தது. அதிபர் பட்டியலில், விஷிக்கு முன் இருந்த லெப்ரனுக்கு அடுத்து 1947-இல் வந்த ஓரியோல்தான். பெத்தானுக்கு அதில் இடமில்லை. அதே பட்டியலின் முதல் பெயர் யார் தெரியுமா? லூயி நெப்போலியன். 1848-இல் மக்கள் வாக்கில் ஜெயித்தவர். தொடர்ந்து இரண்டாம் தடவை நிற்கச் சட்டம் விடவில்லை, சட்டத்தை மாற்றவும் அவையில் முக்கால் பங்கு வாக்கு கிடைக்கவில்லை. 1851 டிசம்பர் 2 அன்று அவையைக் கலைத்தார். அடுத்த வருடம் அதே தேதியில் பேரரசர் ஆனார். அவரை யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

முதலில் டி கால் வழிதான் பிடித்தது. 143 முதல் 153 வரை செல்லாது என்று ஒரு வரி போட்டுவிட்டால் குடியரசு நின்ற இடத்திலிருந்து தொடரும், நான் செய்தது நடக்காததாகிவிடும். அது எனக்கு வசதி. உனக்கு? நீ அந்தப் பதினோரு பக்கத்தையும் படித்தாய். படித்த உன் முகத்தை நான் பார்த்தேன். அதை எந்த ஆணை போட்டு ரத்துசெய்வது?

அதனால் எட்டு எட்டாகவே இருக்கட்டும். அவர் பெயருக்கு எதிரே, பதவிக்காலம் என்ற கட்டத்தில், முதல் ஐந்து வருடத்தைத் தனியாகவும், சட்டத்துக்குப் புறம்பான இருபதைத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். அதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

நோட்டு நாளைக்குத் தபாலில் வருகிறது. ராஜினாமா 154-ஆம் பக்கத்தில் செருகியிருக்கிறது. பெறுநர் இடத்தில் பேரவைத் தலைவர் என்று போடவில்லை, உன் பெயரைப் போட்டிருக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உன் கையில். மறுத்தாலும் நோட்டைத் திருப்பி அனுப்பாதே, அது இனி உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

பகடையை மட்டும் வைத்துக்கொண்டேன். 14-ஆவது விதி. ஒன்பது மாகாணமும் பாக்கி இருக்கிறது. என்றைக்கு என்று நீ சொல், வருகிறேன். சாய்ந்து நின்றால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி