கிண்டியின் புல்வெளியில் கன்று ஊன்ற வேண்டாம்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கிண்டி தேசியப் பூங்காவுக்காக ஒரே ஒரு காரியம் கேட்டு எழுதுகிறேன். அங்கே மிச்சமிருக்கும் திறந்த புல்தரையில் இனி ஒரு மரக்கன்றுகூட நட வேண்டாம். ஏற்கெனவே ஏறிவிட்ட புதர்களை அகற்றி, அந்த நிலத்தை, திறந்த வெளியில் வாழும் மானான வெளிமானுக்கே விட்டுவிடுங்கள்.

மரம் நட வேண்டாம் என்று சென்னைக்காரர் ஒருவர் சொன்னால் கேட்பவருக்குக் கோபம் வரும். வெயிலில் வேகிற ஊர் இது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அத்தனை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, காலி இடத்தைப் பார்த்தாலே கன்று ஊன்றத் தோன்றியதும் நியாயம்தான். தெருவில் நடுவோம், பள்ளிக்கூடத்தில் நடுவோம், நானும் வந்து தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனால் கிண்டியின் வெட்டவெளி காலி இடம் இல்லை.

வெளிமான் குட்டைப் புல்லை மேய்கிற பிராணி. ஆபத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்து, ஓடியே தப்பிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய அந்தக் கால்களால் புதர்களுக்கு நடுவே என்ன செய்ய முடியும்? நரி எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியாது. முறுக்குக் கொம்புள்ள ஆண்மான்கள் தங்கள் எல்லையைப் பிடித்து நின்று பெண்மான்களை ஈர்ப்பதும் திறந்த வெளியில்தான். புள்ளிமான் அப்படி இல்லை. புல்லும் தின்னும், தழையும் தின்னும், மரத்தடியில் ஒதுங்கவும் செய்யும். அதனால் காடு அடர அடரப் புள்ளிமானுக்குச் சௌகரியம், வெளிமானுக்கு நெருக்கடி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு வெளிமான். வாகன இரைச்சலுக்கு நடுவே, பெருநகரத்துக்குள்ளேயே அது உயிரோடு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தப்பிப் போக வேறு இடமும் அதற்கு இல்லை. 1821-இல் ஆங்கிலேய அரசு ஒரு தனியாரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கிய காடு இது. 1910-இல் காப்புக்காடாக அறிவித்தபோது 505 ஹெக்டேர் இருந்தது. பிறகு ஐ.ஐ.டி. வந்தது, தலைவர்களின் நினைவிடங்கள் வந்தன, வேறு நிறுவனங்களும் வந்தன. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கும்போது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. கொடுத்ததை இனித் திரும்பக் கேட்க முடியாது, சரி. மிச்சத்தையாவது சரியாகப் பார்த்துக்கொள்ளலாமே.

மரங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. கிண்டியில் இருப்பது சோழமண்டலக் கரையோரத்தின் உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட மாதங்களிலும் இலை பச்சையாகவே நிற்கும் காடு. மற்ற ஊர்களில் இது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரையும் களாவும் காட்டு எலுமிச்சையும் பின்னிக் கிடக்கும் அந்தக் குத்துக்காட்டை யாரும் தொடக்கூடாது. காடு காடாகவும் வெளி வெளியாகவும் இருக்கட்டும் என்பதுதான் என் பேச்சு.

உண்மையான தொல்லை சீமைக் கருவேலம். அதன் இனிப்பான நெற்றுகளை மான்கள் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் பிழுக்கையோடு புல்தரையில் விழுந்து முளைக்கும். மேலே வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒரு தடவை வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கணக்கு எழுத முடியாத செடி இது. வேரோடு எடுக்க வேண்டும், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வந்து பார்க்க வேண்டும். போலோ மைதானம் என்று சொல்லப்படும் வெளியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

அப்புறம், வெளிமான்களுக்குச் சுவர்க் கணக்கு தெரியாது. பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகம் மூன்றும் ஒரே காட்டின் துண்டுகள். புல்வெளியை எப்படிப் பராமரிப்பது, எங்கே நடக்கூடாது என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒரே திட்டம் போட வேண்டும். வனத்துறை அழைத்தால்தான் அது நடக்கும். அந்தத் திட்டத்தையும், வெளிமான், புள்ளிமான் கணக்கெடுப்பையும் ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மண் இளகியிருக்கும், இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கத் தோதான நேரம். உங்கள் ஊழியர்கள் செடியைக் காட்டிக் கொடுத்தால், கன்று நட வரும் மாணவர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் களை பிடுங்கவும் வருவார்கள். வருகிற ஜனவரியிலேயே அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்