டொமைன் பதிவு: முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக இணையதளம் தொடங்க விரும்புவோருக்காகத் தங்கள் இதழில் வெளிவந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். பக்க வடிவமைப்பு, தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவை, படங்களின் அளவு ஆகியவற்றைப் பற்றிப் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயரை எங்கே பதிவு செய்வது என்ற கேள்வியை மட்டும், எங்கே மலிவோ அங்கே பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். வடிவமைப்பையும் ஹோஸ்டிங்கையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முடியும். பெயர் கைவிட்டுப் போனால், வாசகர்கள் வந்து சேரும் வழி, அந்தப் பெயரில் இயங்கும் மின்னஞ்சல், மற்றவர்கள் தங்கள் பக்கங்களில் தந்திருக்கும் இணைப்புகள் அனைத்தும் ஒருசேரப் போய்விடும் என்பதால், அந்த ஒரு வரியை விரித்து எழுத வேண்டியது அவசியம் என்று கருதுகிறேன்.

மலிவு என்பது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். .காம் என்று முடியும் பெயர்கள் அனைத்தின் பதிவேட்டையும் வெரிசைன் என்ற ஒரே நிறுவனம் பராமரிக்கிறது. நாம் பணம் செலுத்தும் பதிவு நிறுவனங்கள், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்று, வெரிசைனுக்கும் நமக்கும் இடையில் நிற்பவை. அவை ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டுதோறும் வெரிசைனுக்குக் கட்ட வேண்டிய மொத்த விலை எல்லாருக்கும் ஒன்றுதான். 2021 வரை 7.85 டாலராக இருந்த அந்த விலை, படிப்படியாக ஏறி 2024 செப்டம்பரில் 10.26 டாலரானது. ஆகவே அதற்கும் கீழே ஒரு நிறுவனம் முதலாண்டுக் கட்டணத்தை அறிவித்தால், அது நட்டத்துக்குத் தந்து, பின்னாளில் புதுப்பிப்புக் கட்டணத்திலோ கூடுதல் சேவைகளிலோ அதை ஈடுகட்டிக்கொள்ளப் போகிறது என்றே பொருள். ஒப்பிட வேண்டியது இரண்டாம் ஆண்டிலிருந்து வரும் கட்டணத்தை. முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அதுவாக இருக்காது. விலைப்பட்டியலின் உள்பக்கத்தில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இவ்வகைப் பெயர்களை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிந்துகொள்ளவும் இடமுண்டு. நீண்டகாலம் நடத்தப்போகும் தளத்துக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

அடுத்து, பலரும் எண்ணிப் பார்க்காத காலாவதி நாள். பெயரின் காலம் முடிந்த அன்றே அது பறிபோய்விடுவதில்லை. பதிவேட்டைப் பராமரிக்கும் வெரிசைன், நாம் பணம் கட்டும் பதிவு நிறுவனத்துக்கு 45 நாள் வரை அவகாசம் தருகிறது. அதன்பின் பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலமும், யாராலும் எதுவும் செய்ய முடியாத 5 நாள் காத்திருப்பும் உண்டு. அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 45 நாள்களில் எத்தனை நாள் நமக்குக் கிடைக்கும் என்பது, நாம் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தின் விதிமுறைகளில்தான் இருக்கிறது. சில நிறுவனங்கள் அவகாசம் முடியும் முன்பே பெயரை ஏலத்தில் விட்டுவிடுகின்றன. மீட்புக் காலத்தில் திரும்பப் பெறுவதற்கான கட்டணம் ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு இருக்கக்கூடும். காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த 5 நாள்களுக்குள்ளும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று ஐகான் விதித்திருக்கிறது. அந்த நினைவூட்டல் நாம் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வரும். அதே டொமைனில் இயங்கும் முகவரியைக் கொடுத்திருந்தால், பெயர் முடங்கியதும் அந்த அஞ்சலும் நின்றுவிடும். வேறொரு முகவரியைக் கொடுப்பதே பாதுகாப்பு. பெரிய நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு: 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் உள்நுழைவுச் சேவைக்கான பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டதால் ஹாட்மெயில் பயனர்கள் உள்நுழைய முடியாமல் போனது, நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு நிரலாளர் தன் சொந்தப் பணத்தில் 35 டாலர் கட்டிய பிறகே நிலைமை சீரானது.

ஒரு பதிவு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பது, அதிலிருந்து விலகிச் செல்வது எவ்வளவு எளிது என்பதை. இன்று நல்ல சேவை தரும் நிறுவனம் நாளையும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதிகூற முடியாது. ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற நிறுவனம் நிலைகுலைந்து, 2007-இல் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது, அதில் பதிந்திருந்த எண்ணற்றோர் தங்கள் பெயர்களுக்காகத் தவித்தார்கள். கூகுள் டொமைன்ஸ் அப்படிச் சரிந்த நிறுவனம் அன்று. ஆயினும் 2023-இல் கூகுள் அந்தத் தொழிலையே ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டது. வாடிக்கையாளர்கள் தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றப்பட்டார்கள். ஆகவே வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்பதை உள்ளே நுழையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். விதிப்படி, பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ஒப்புதல் குறியீட்டை நாம் கேட்ட 5 நாள்களுக்குள் தந்தாக வேண்டும். மாற்றம் தொடங்கிய பின் பழைய நிறுவனம் பதில் சொல்லாமல் இருந்தாலும் 5 நாள்களில் மாற்றம் நிறைவேறிவிடும்; .காம் போன்ற பெயர்களில் பதிவுக் காலமும் ஓராண்டு கூடிவிடும். ஆனால் புதிதாகப் பதிந்த பெயரையும், அண்மையில் இடம் மாறிய பெயரையும் பொதுவாக 60 நாள்கள் நகர்த்த முடியாது. நல்ல நிறுவனத்தில், பெயரை நகர்த்தவிடாத பூட்டைத் திறப்பதும் குறியீட்டைப் பெறுவதும் நம் கணக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். உதவி மையத்துக்கு எழுதிக் காத்திருக்கச் சொல்லும் நிறுவனத்தை நான் தவிர்ப்பேன். .இன் போன்ற நாட்டுக் குறியீட்டில் முடியும் பெயர்களுக்கு இவ்விதிகள் அப்படியே பொருந்தா. அந்தந்த நாட்டுப் பதிவேட்டின் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம் என்ற சலுகையைக் கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். இதில் அவரோடு நான் உடன்படவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தோடு பிணக்கு வரும் நாளில், தளமும் பெயரும் ஒரே கணக்கில் இருந்தால் இரண்டும் சேர்ந்து முடங்கும். பெயர் வேறிடத்தில் இருந்தால், அந்தப் பெயர் எந்தத் தளத்துக்குச் செல்ல வேண்டும் என்று வழிகாட்டும் நேம்சர்வரின் முகவரியை மாற்றி ஓரிரு நாளில் வேறு இடத்தில் தளத்தை எழுப்பிவிடலாம். இதேபோல, மொத்த விலைக்கே பெயரைத் தரும் கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனத்திலும் ஒரு கட்டு இருக்கிறது: அங்கே பதியும் பெயர் அவர்களுடைய நேம்சர்வரையே பயன்படுத்த வேண்டும். அது பலருக்கு இடையூறாக இராது. ஆனால் தெரிந்து ஏற்றுக்கொள்ள வேண்டிய நிபந்தனை.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. 2005 ஜனவரியில் நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனமான பானிக்ஸின் பெயரையே யாரோ உரிமையாளர் அறியாமல் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள்; அந்த வார இறுதியில் அதன் வாடிக்கையாளர்களின் அஞ்சல்கள் திசைமாறிப் போயின. 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் தளம் முடங்கியபோது, தாக்கியவர்கள் நாளிதழின் கணினிகளைத் தொடவே இல்லை. அதன் பதிவு நிறுவனமான மெல்பர்ன் ஐடியின் மறுவிற்பனையாளர் ஒருவருடைய கடவுச்சொல்லைக் கைப்பற்றி, பெயர் எங்கே சுட்ட வேண்டும் என்பதை மாற்றினார்கள். இரு படிச் சரிபார்ப்பும், பெயரை நகர்த்தவிடாத பூட்டும், பெயர் சுட்டும் முகவரியை இடையில் யாரும் போலியாக்காமல் காக்கும் டிஎன்எஸ்செக் வசதியும் கூடுதல் கட்டணமின்றித் தராத நிறுவனத்தை மலிவு என்று சொல்ல என்னால் இயலாது. உரிமையாளரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவில் தெரியாமல் மறைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பதையும் ஏற்கத் தேவையில்லை; 2018-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் இதை இலவசமாகவே செய்கின்றன.

கடைசியாக, பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. சிறிய அமைப்புகளும் சிற்றிதழ்களும் தளத்தை வடிவமைத்துத் தருபவரிடமே பெயரையும் பதியச் சொல்லிவிடுகின்றன; அவர் தம் கணக்கில், தம் பெயரிலேயே பதிந்துவிடுகிறார். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆனால் பதிவேட்டின் கண்ணில் உரிமையாளர் அவர்தான். அவர் தொழிலை விட்டாலோ, தொடர்பே அற்றுப்போனாலோ, ஆண்டுதோறும் பணம் கட்டிவந்த அமைப்புக்குப் பதிவு நிறுவனத்திடம் அந்தப் பெயரைக் கேட்கும் உரிமைகூட இராது. ஏற்கெனவே தளம் வைத்திருக்கும் வாசகர்கள், ஐகானின் தேடல் பக்கத்தில் தங்கள் பெயரை இட்டு, பதிவு நிறுவனம் எது, காலாவதி எப்போது என்று பார்க்கலாம்; உரிமையாளர் விவரம் அங்கே மறைக்கப்பட்டிருந்தால், பதிவுக் கணக்கிற்குள் நுழைந்துதான் உறுதிசெய்ய முடியும். அதில் தங்கள் அமைப்பின் பெயர் இல்லையென்றால், வடிவமைப்பாளரோடு நல்லுறவு இருக்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயரை மாற்றினாலும் 60 நாள் தடை விழக்கூடும் என்பதால், வேறு நிறுவனத்துக்கும் செல்ல எண்ணுவோர் காலாவதிக்கு மூன்று மாதமாவது முன்னதாக இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்