சிராக்யூஸ் அணியின் வரலாற்றை முன்வைத்துப் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய பன்னாட்டு ஒலிம்பிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய உங்கள் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு, வலை பின்னிய மட்டையால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் கோல் போடும் லக்ராஸ் ஆட்டத்தையும் சேர்த்தது. கிரிக்கெட் வந்த களிப்பில் எங்களில் பலர் மற்றதைக் கவனிக்கவே இல்லை. லக்ராசை உலகுக்குத் தந்த, வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடினஷோனி மக்களோ தங்கள் கொடியின்கீழ் ஆட முடியாத நிலையில் இருக்கிறார்கள். தேசிய ஒலிம்பிக் குழு உள்ளவர்கள் மட்டுமே அணி அனுப்பலாம் என்றும், ஹோடினஷோனி வீரர்கள் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆடிக்கொள்ளலாம் என்றும் விளக்கம் தந்தீர்கள். அது ஏன் போதாது என்பதைக் காட்ட ஒரு பல்கலைக்கழக அணியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஆடவர் லக்ராஸ் அணி 1916-இல் தொடங்கியது. 1931 முதல் 1998 வரை தந்தையும் மகனுமாக இரண்டு ராய் சிம்மன்ஸ்கள் அதற்குப் பயிற்சியளித்தார்கள். 1983-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியில் முதல் பட்டம் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணியை 17-16 என்று வென்றார்கள். கனடாவிலிருந்து வந்த கேரி கெய்ட், 1988-இல் வலைக்குப் பின்னாலிருந்து எம்பி, குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் பந்தை உள்ளே அறைந்ததை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். பட்டங்களின் கணக்கு இருக்கட்டும்; நான் சொல்ல வந்தது வேறு.

நகருக்குத் தெற்கே சில மைல் தொலைவில், ஹோடினஷோனிக் கூட்டமைப்பின் ஆறு இனங்களுள் ஒன்றான ஒனொண்டாகா மக்களின் மண் இருக்கிறது. அங்கே ஹிக்கரி மரத்தைப் பிளந்து, நீராவியில் வேகவைத்து வளைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, செதுக்கி, தோல்வார் பின்னி மட்டை செய்வார்கள். 2023-இல் மறைந்த ஆல்ஃப் ஜாக்ஸ் அந்தக் கைத்தொழிலில் பெயர் பெற்றவர். ஆண் குழந்தை பிறந்தால் கையில் மட்டை வைப்பதும், மறைந்தவரோடு மட்டையைப் புதைப்பதும் அவர்கள் மரபு. படைத்தவனின் ஆட்டம் என்றே லக்ராசை அழைக்கிறார்கள்.

தோல்வியே காணாத 1957-ஆம் ஆண்டுச் சிராக்யூஸ் அணியில், பிற்காலத்தில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுன் கோல்களாக அடித்துக் குவித்தார். அதே அணியின் வலையைக் காத்தவர் ஒனொண்டாகாவைச் சேர்ந்த ஓரன் லயன்ஸ். சிராக்யூஸ் முதல் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்ற அதே 1983-இல், தம் மக்களுக்கென ஒரு தேசிய அணியை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

2009 கல்லூரி இறுதிப் போட்டியைப் பாருங்கள். கார்னெலுக்கு எதிரான ஆட்டம் முடிய நான்கே விநாடிகள் இருந்தபோது சிராக்யூஸ் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் எதிராளியின் மட்டையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தவர் சிட் ஸ்மித்; சற்று நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் கோடி ஜேமிசன். இருவருமே கனடாவில் ஹோடினஷோனி மக்கள் வாழும் சிக்ஸ் நேஷன்ஸ் மண்ணில் வளர்ந்தவர்கள். ஆட்டக்காரர்களைக் கல்லூரி தன் பெயரில் ஏற்கும்போது அவர்கள் ஹோடினஷோனியாக இருப்பது தடையாகவில்லை. அவர்கள் தங்கள் பெயரில் வரும்போதுதான் ஒவ்வொரு வாசலிலும் தாள் கேட்கிறார்கள். 2010-இல் மான்செஸ்டரில் நடந்த உலகப் போட்டிக்கு அவர்கள் தங்கள் கூட்டமைப்பு வழங்கிய கடவுச்சீட்டு ஏற்கப்படாததால் செல்ல முடியாமல் போனது அப்படித்தான்.

ஹோடினஷோனி அணியின் தரத்திலும் ஐயத்துக்கு இடமில்லை. 2014, 2018, 2023 என்று மூன்று உலகப் போட்டிகளில் தொடர்ந்து வெண்கலம் வென்ற அணி அது. 2022 உலக விளையாட்டுப் போட்டியில் அவர்களுக்கு முதலில் இடமில்லாதபோது, அயர்லாந்து தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. விதியை வளைக்க முடியாது என்கிறீர்கள். நாட்டைவிட்டு வெளியேறிய அகதிகளுக்கென 2016 முதல் நீங்களே ஓர் அணியை அனுமதித்து வருகிறீர்கள். தனிநாடு அல்லாத போர்ட்டோ ரிக்கோவும் ஹாங்காங்கும் தங்கள் கொடியோடுதான் அணிவகுக்கின்றன.

1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஹோடினஷோனி இனங்களுள் ஒன்றான மோஹாக் வீரர்களின் அணி ஒன்று கனடாவின் கணக்கில் வெண்கலம் வென்றது. 2028-க்கு ஹோடினஷோனி ஆடவர், மகளிர் அணிகள் தகுதிச் சுற்றில் தங்கள் பெயரிலேயே கலந்துகொள்ளவும், வென்றால் தங்கள் கொடியோடு களமிறங்கவும் சிறப்பு அனுமதி வழங்குமாறும், அந்த முடிவை அணிகள் தயாராவதற்குப் போதிய காலம் இருக்கும்போதே அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லக்ராசைத் தொலைவிலிருந்து பின்தொடரும் ஒரு தமிழ் ரசிகர்